இரும்பைச் சுமக்கும் புரதமும் அதை அடையாளம் காணும் எதிர்ப்பொருளும்: குருதிச் சோதனையின் எண்களை எவ்வளவு நம்பலாம்?

உடலில் இரும்புச் சத்து போதுமான அளவு இருக்கிறதா என்பதை அறிய மருத்துவர் குருதிச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தால், திரும்பி வரும் அறிக்கையில் பெரும்பாலும் நான்கு வரிகள் இருக்கும். குருதியில் உள்ள இரும்பு, ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின், டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விழுக்காடு என்பனவே அவை.

இவற்றில் மூன்றாவது வரியில் இருக்கும் டிரான்ஸ்ஃபெரின், குருதியில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதம். அதன் அளவை இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் கண்டறிவது, ஆட்டின் உடலிலோ முயலின் உடலிலோ அல்லது ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களிலோ உருவான மற்றொரு புரதம். ஆங்கிலத்தில் ஆன்டிபாடி என்றும், தமிழில் எதிர்ப்பொருள், பிறபொருளெதிரி என்றும் அது அழைக்கப்படுகிறது.

அறிக்கையில் அச்சாகி வரும் எண் எந்திரத்தில் இருந்து வந்தது என்பதால் அது ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அந்த எண்ணின் தரம், அதன் பின்னால் இருக்கும் எதிர்ப்பொருளின் தரத்தைப் பொறுத்தது. அந்த எதிர்ப்பொருளை எந்த அளவுகோலுடன் ஒப்பிட்டுத் திருத்தினார்கள் என்பதையும் பொறுத்தது. மருத்துவ ஆய்வுகூடங்கள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிட்டன. ஆனால் அறிவியல் ஆராய்ச்சிக் கூடங்களில் அது இன்னமும் முழுமையாகத் தீரவில்லை.

இரும்பின் வாகனம்

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் அடங்கியிருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி கல்லீரல் போன்ற உறுப்புகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ளது.

இரும்பு உயிருக்கு இன்றியமையாதது. ஆனால் கட்டற்ற நிலையில் அது உயிரணுக்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்கள் உருவாகத் தூண்டுகோலாகிவிடும். நோய்க் கிருமிகள் பெருகுவதற்கும் இரும்பு தேவை. எனவே குருதியில் இரும்பு தனித்து உலவ உடல் இடம் கொடுப்பதில்லை. அதை இறுகப் பற்றிக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் இறக்கி வைக்கும் பணியை டிரான்ஸ்ஃபெரின் செய்கிறது.

கல்லீரலில் உருவாகும் இந்தப் புரதம் 679 அமினோ அமிலங்களால் ஆனது. ஒரு டிரான்ஸ்ஃபெரின் மூலக்கூறு ஒரே நேரத்தில் இரண்டு இரும்பு அயனிகளைச் சுமக்கக்கூடியது. எந்த ஒரு கணத்திலும் டிரான்ஸ்ஃபெரினோடு பிணைந்திருக்கும் இரும்பு 3 முதல் 4 மில்லிகிராம் மட்டுமே. ஆனால் நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் வரையிலான இரும்பு இதன் வழியாகக் கைமாறுகிறது. அதில் பெரும்பகுதி, புதிய சிவப்பணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையைச் சென்றடைகிறது.

1940களின் நடுப்பகுதியில், அமெரிக்க ஆய்வாளர்களான ஆர்தர் ஷேடும் லியோனா கரோலினும், முட்டையின் வெண்கருவிலும் பின்னர் மனிதக் குருதியிலும் இரும்பைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் இருப்பதைக் காட்டினர். 1947ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த கார்ல் குஸ்தாவ் ஹோம்பெர்க்கும் கார்ல் பெர்ட்டில் லாரெல்லும் அதற்கு டிரான்ஸ்ஃபெரின் என்று பெயரிட்டனர். இரும்பை ஓரிடத்தில் இருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்வது என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களில் இருந்து பிறந்த பெயர் அது.

ஆரோக்கியமான ஒருவரின் குருதிநீரில் டிரான்ஸ்ஃபெரின் லிட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 3.6 கிராம் வரை இருக்கும். இரும்புச் சத்து குறையும்போது கல்லீரல் இதைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. சரக்கு குறைந்த காலத்தில் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, கிடைக்கும் சிறிதளவையும் அள்ளிவரச் செய்யும் ஏற்பாடு என்று இதைக் கூறலாம். கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் உட்கொள்ளும்போதும் இதன் அளவு உயர்கிறது. மாறாக, தொற்றும் அழற்சியும் உள்ளபோதும், கல்லீரல் நோயிலும், புரதச் சத்துக் குறைபாட்டிலும் இது குறைகிறது.

விலங்கின் உடலில் உருவாகும் அளவுகருவி

குருதிநீரில் நூற்றுக்கணக்கான புரதங்கள் கலந்துள்ளன. அவற்றின் நடுவே ஒன்றை மட்டும் பிரித்து எடை போடுவது, அன்றாடம் ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கையாளும் ஓர் ஆய்வுகூடத்தால் இயலாத காரியம். இந்த இடத்தில்தான் எதிர்ப்பொருள் உதவிக்கு வருகிறது.

மனித டிரான்ஸ்ஃபெரினைத் தூய்மைப்படுத்தி ஓர் ஆட்டுக்கோ முயலுக்கோ ஊசி மூலம் செலுத்தினால், அந்த விலங்கின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியப் பொருளாகக் கருதுகிறது. அதைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை அது உருவாக்குகிறது. சில வாரங்களில் அந்த விலங்கின் குருதியில் இருந்து அவற்றைப் பிரித்தெடுத்துச் சோதனைக்கான வினைபொருளாகப் பயன்படுத்த முடியும்.

இத்தகைய எதிர்ப்பொருள்களை மனிதக் குருதிநீருடன் கலக்கும்போது, அவை டிரான்ஸ்ஃபெரின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து வலைபோன்ற திரள்களை உண்டாக்குகின்றன. தெளிந்திருந்த கரைசல் கலங்குகிறது. அதன் ஊடே ஒளிக்கற்றையைச் செலுத்தி, எவ்வளவு ஒளி தடைப்பட்டது அல்லது சிதறியது என்று எந்திரம் அளக்கிறது. முன்பே அளவு தெரிந்த மாதிரிகளின் கலங்கலோடு அதை ஒப்பிட்டு, டிரான்ஸ்ஃபெரின் எத்தனை கிராம் என்று கணக்கிடுகிறது.

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. எதிர்ப்பொருளும் அது பற்றும் பொருளும் எந்த விகிதத்தில் சேர்ந்தால் எவ்வளவு படிவு உண்டாகும் என்பதை, 1930களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹைடல்பெர்கரும் ஃபாரஸ்ட் கெண்டலும் கணித முறையில் விளக்கினர். 1965இல் மன்சினியும் அவருடன் பணியாற்றியவர்களும், எதிர்ப்பொருள் கலந்த கூழ்த் தகட்டில் குருதிநீரை வைத்து, அதைச் சுற்றி உருவாகும் வெண்ணிற வளையத்தின் அகலத்தைக் கொண்டு புரதத்தை அளக்கும் எளிய முறையை வெளியிட்டனர். டிரான்ஸ்ஃபெரினுக்குப் பெயரிட்ட லாரெல், மறு ஆண்டே எதிர்ப்பொருள் கலந்த கூழில் மின்சாரத்தைச் செலுத்தி அளக்கும் முறையை உருவாக்கினார்.

இன்று எந்திரங்கள் சில நிமிடங்களில் முடிவைத் தருகின்றன. ஆனால் அடிப்படை மாறவில்லை. மாதிரியில் புரதம் அளவுக்கு மீறி இருந்தால், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் போதிய எதிர்ப்பொருள் கிடைக்காமல் வலை உருவாகாது. அதனால் உண்மையில் மிகுந்திருக்கும் புரதம், எந்திரத்தின் கண்ணுக்குக் குறைவாகத் தோன்றக்கூடும். கொழுப்பு மிகுந்து பால்போல் இருக்கும் குருதிநீரும், எதிர்ப்பொருளின் உதவி இல்லாமலேயே ஒளியைச் சிதறடிக்கும். இவற்றைக் கண்டுபிடித்து விலக்குவதற்கான ஏற்பாடுகள் நவீன எந்திரங்களில் உண்டு. அதேவேளை அவற்றை இயக்குபவரின் விழிப்பும் தேவைப்படுகிறது.

ஒரே மரபில் வந்த எதிர்ப்பொருள்கள்

விலங்கிடம் இருந்து நேரடியாகப் பெறப்படும் எதிர்ப்பொருள் உண்மையில் ஒன்றல்ல, பலவற்றின் கலவை. அவற்றில் சில டிரான்ஸ்ஃபெரினின் ஒரு பகுதியையும், வேறு சில மற்றொரு பகுதியையும் பற்றுகின்றன. அந்த விலங்கு இறந்துவிட்டால் அதே கலவையை மீண்டும் பெற முடியாது. அடுத்த விலங்கின் கலவை சற்றேனும் மாறுபட்டே இருக்கும்.

இதற்கான மாற்று 1975ஆம் ஆண்டில் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தது. அர்ஜென்டினாவில் பிறந்த சீசர் மில்ஸ்டீனும் ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் கோலரும், எதிர்ப்பொருளைச் சுரக்கும் எலியின் உயிரணுவை, அழிவின்றிப் பெருகும் புற்றுநோய் உயிரணுவோடு இணைத்தனர். அந்தக் கலப்பு உயிரணுவின் வழித்தோன்றல்கள் அனைத்தும் ஒரே வகையான எதிர்ப்பொருளைச் சுரந்தன. மோனோகுளோனல் எனப்படும் இந்த ஒற்றை மரபு எதிர்ப்பொருள்களுக்காக அவ்விருவருக்கும் 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. நோய் எதிர்ப்பு மண்டலம் பற்றிய கோட்பாடுகளை வகுத்த நீல்ஸ் யெர்னேவும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒற்றை மரபு எதிர்ப்பொருள், புரதத்தின் ஒரே ஒரு சிறு பகுதியை மட்டுமே பற்றுகிறது. அதன் துல்லியத்துக்கு அதுவே காரணம். அதன் வரம்பும் அதுவே. அந்தச் சிறு பகுதி மறைந்திருந்தாலோ, பிறவியிலேயே மாறியிருந்தாலோ, புரதம் முழு அளவில் இருந்தும் சோதனை அதைக் காணாது விட்டுவிடலாம். கலங்கலை அளக்கும் சோதனைகளில், புரதத்தின் பல இடங்களைப் பற்றி வலை பின்னக்கூடிய விலங்குக் கலவைகள் இன்றும் பரவலாகப் பயன்படுவதற்கு இதுவே காரணம்.

பத்து விழுக்காட்டுப் பிழை என்ன செய்யும்?

டிரான்ஸ்ஃபெரினின் அளவு மட்டும் மருத்துவருக்குப் போதாது. அந்த வண்டிகளில் எத்தனை பங்கு நிரம்பியுள்ளது என்பதே அவருக்குத் தேவைப்படும் செய்தி. அதைத்தான் நிறைவு விழுக்காடு காட்டுகிறது. இரும்பை ஏந்தும் மொத்தத் திறனைச் சில ஆய்வுகூடங்கள் நேரடியாக வேதியியல் முறையில் அளக்கின்றன. வேறு பல, எதிர்ப்பொருளால் அளந்த டிரான்ஸ்ஃபெரினில் இருந்து அதைக் கணக்கிடுகின்றன.

கணக்கு எளியது. ஒரு கிராம் டிரான்ஸ்ஃபெரின் சுமார் 25.1 மைக்ரோமோல் இரும்பை ஏந்தக்கூடியது. ஒருவரின் குருதிநீரில் லிட்டருக்கு 3.6 கிராம் டிரான்ஸ்ஃபெரின் இருந்தால், அது ஏந்தக்கூடிய இரும்பு சுமார் 90 மைக்ரோமோல். அவரிடம் இருப்பது 8 மைக்ரோமோல் மட்டுமே என்றால், நிறைவு 9 விழுக்காடுதான். இது இரும்புக் குறைபாட்டின் தெளிவான அடையாளம். பொதுவாக 20 முதல் 45 விழுக்காடு வரை இயல்பானதாகக் கருதப்படுகிறது.

எல்லையில் நிற்பவர்களுக்குத்தான் சிக்கல். எடுத்துக்காட்டாக, ஒருவரின் இரும்பு 24 மைக்ரோமோல், டிரான்ஸ்ஃபெரின் 2.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நிறைவு சுமார் 43 விழுக்காடு. அவர் இயல்பு எல்லைக்குள் இருக்கிறார். அதே மாதிரியை அளக்கும் சோதனை, டிரான்ஸ்ஃபெரினைப் பத்து விழுக்காடு குறைத்துக் காட்டினால், நிறைவு 48 விழுக்காடாக உயர்ந்துவிடும். பத்து விழுக்காடு கூட்டிக் காட்டினால் 40 ஆகக் குறைந்துவிடும். மனிதரும் அவருடைய குருதியும் மாறவில்லை. வினைபொருள் மட்டுமே மாறியிருக்கிறது.

இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. இரும்பு அளவுக்கு மீறி உடலில் சேரும் ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற பரம்பரை நோயைச் சந்தேகிப்பதற்கு, 45 விழுக்காட்டை ஒட்டிய எல்லையே பல நாடுகளின் வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றுள்ளது. வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம், குறிப்பாக அயர்லாந்து மக்களிடம், இந்நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் மிகுதியாகக் காணப்படுகிறது. அந்த மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. காலத்தில் கண்டுகொண்டால், குறிப்பிட்ட இடைவெளியில் குருதியை வெளியேற்றுவதன் மூலம் நோயைக் கட்டுக்குள் வைக்கலாம். கவனியாது விட்டால் கல்லீரல் சுருக்கம், நீரிழிவு, இதய நோய் என்று அது வளரும்.

ஹீமோகுரோமட்டோசிஸின் இந்த மரபணு மாற்றம் தெற்காசிய வம்சாவளியினரிடம் அரிது. அவர்களைப் பொறுத்தவரை, வேறொரு குழப்பத்தைத் தீர்க்க இந்த எண் உதவுகிறது. இந்தியாவில் சுமார் 3 முதல் 4 விழுக்காட்டினர் பீட்டா தலசீமியா மரபணு ஒன்றைச் சுமப்பவர்கள் என்று மதிப்பிடப்படுகிறது. இவர்களுடைய சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும். ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இது இரும்புக் குறைபாடு போலவே தோன்றும். ஆனால் அவர்களுடைய டிரான்ஸ்ஃபெரின் நிறைவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அத்தகையவருக்கு ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பதால் பயனில்லை.

மறுபுறம், உண்மையான இரும்புக் குறைபாடும் பரவலாக உள்ளது. இந்தியாவின் 2019-21 ஆண்டுகளுக்கான தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச் சோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டில் இது 53 விழுக்காடாக இருந்தது. இவர்கள் அனைவருக்கும் இரும்புக் குறைபாடுதான் காரணம் என்று கூற முடியாது. யாருக்கு அது காரணம், யாருக்கு இல்லை என்று பிரித்தறிய நம்பகமான சோதனை தேவை.

பொது அளவுகோல் வந்த கதை

1990களின் தொடக்கம் வரை, சோதனைத் தொகுப்புகளைத் தயாரிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஏறக்குறைய தனக்கென ஓர் அளவுகோலை வைத்திருந்தது. ஒரே மாதிரியை இரண்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினால் இரு வேறு விடைகள் வருவது வழக்கமாக இருந்தது. ஒரே சந்தையில் ஒவ்வொரு கடைக்காரரும் வெவ்வேறு படிக்கல்லை வைத்து நிறுப்பதற்கு ஒப்பான நிலை அது.

இதை மாற்ற ஐரோப்பிய ஆய்வாளர்களும், மருத்துவ வேதியியலுக்கான சர்வதேசச் சம்மேளனமும், அமெரிக்க நோய்க்கூறு வல்லுநர் கல்லூரியும் இணைந்து செயற்பட்டனர். பலரிடம் இருந்து பெற்ற குருதிநீரைக் கலந்து, பதப்படுத்தி, அதில் டிரான்ஸ்ஃபெரின் உள்ளிட்ட பத்துக்கும் மேற்பட்ட புரதங்களின் அளவை மிகுந்த கவனத்துடன் நிர்ணயித்தனர். சிஆர்எம் 470 என்று பெயரிடப்பட்ட அந்த ஒப்பீட்டுப் பொருள் 1993இல் சான்றளிக்கப்பட்டது. அது தீரும் நிலையை எட்டியபோது, அதற்கு மாற்றாகப் புதியதொரு ஒப்பீட்டுப் பொருள் 2008இல் தயாராகிவிட்டது. பெல்ஜியத்தின் கேல் நகரில் உள்ள ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு நிலையம் அதைப் பராமரித்து வழங்கியது.

எதிர்ப்பொருள் யாருடையதாக இருந்தாலும், அதை இந்தப் பொது அளவுகோலோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்பதே இந்த முயற்சியின் சாரம். எதிர்ப்பொருள் தானாக எதையும் அளப்பதில்லை. அது அடையாளம் மட்டுமே காண்கிறது. அந்த அடையாளத்துக்கு எண் மதிப்பைக் கொடுப்பது அளவுகோல்தான். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டதால்தான் இலண்டனில் எடுத்த முடிவை டொராண்டோவிலோ கோலாலம்பூரிலோ எடுத்த முடிவோடு ஓரளவு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று சாத்தியமாகியுள்ளது.

சர்க்கரைச் சங்கிலிகள் சொல்லும் செய்தி

டிரான்ஸ்ஃபெரின் வெறும் புரதம் மட்டுமல்ல. அதன் மீது இரண்டு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைத்திருக்கின்றன. அக்கிளைகளின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற பொருள் அமைந்துள்ளது. குருதியில் மிகுதியாக இருப்பது நான்கு சியாலிக் அமிலங்களைத் தாங்கிய வடிவம். இந்தச் சங்கிலிகளில் ஏற்படும் மாற்றங்கள் இரும்போடு தொடர்பில்லாத பல செய்திகளைச் சொல்கின்றன.

தலையில் அடிபட்டவரின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால் அது சாதாரணச் சளியா, அல்லது மூளையைச் சூழ்ந்துள்ள திரவத்தின் கசிவா என்ற கேள்வி எழும். கசிவு என்றால், மூளையுறை அழற்சி ஏற்படும் ஆபத்து உண்டு. மூளைத் திரவத்தில் சியாலிக் அமிலம் நீக்கப்பட்ட டிரான்ஸ்ஃபெரின் வடிவம் ஒன்று இருக்கிறது. மூக்குச் சளியிலும் கண்ணீரிலும் பொதுவாக அது இருப்பதில்லை. இதை அடையாளமாகக் கொண்டு கசிவைக் கண்டறியலாம் என்பதை 1979இல் பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர்.

நீண்ட நாள்கள் மிகுதியாக மது அருந்துவோரின் குருதியிலும் சர்க்கரைச் சங்கிலி குறைந்த டிரான்ஸ்ஃபெரின் அதிகரிக்கிறது. 1970களில் சுவீடனின் ஹெலெனா ஸ்டிப்லரும் ஸ்டெஃபான் போர்யும் இதை வெளிக்கொணர்ந்தனர். மது அருந்தி வண்டி ஓட்டியதால் உரிமத்தை இழந்தவர் அதைத் திரும்பப் பெறத் தகுதியானவரா என்று மதிப்பிடும்போது, ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் இந்தச் சோதனையையும் கருத்தில் கொண்டுள்ளன.

குழந்தைகளின் வளர்ச்சியைப் பாதிக்கும் ஓர் அரிய பரம்பரை நோய்க் குழுவைக் கண்டறியவும் இதே புரதம் உதவுகிறது. புரதங்களில் சர்க்கரைச் சங்கிலியைப் பொருத்தும் பணியில் குறைபாடு ஏற்படும் அந்நோய்களில் முதலாவதை, 1980இல் பெல்ஜியத்தின் குழந்தை மருத்துவர் யாக் யாக்கன் விவரித்தார்.

இங்கேதான் எதிர்ப்பொருளின் வரம்பு தெளிவாகத் தெரிகிறது. சாதாரண எதிர்ப்பொருள் டிரான்ஸ்ஃபெரினின் புரதப் பகுதியைப் பற்றுகிறது. சர்க்கரைச் சங்கிலி இருக்கிறதா இல்லையா என்பதை அது பொருட்படுத்துவதில்லை. எனவே இந்த வடிவங்களை முதலில் மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்து, அதன் பின்னரே எதிர்ப்பொருளைக் கொண்டு அடையாளம் காண வேண்டியுள்ளது. டிரான்ஸ்ஃபெரினின் அமினோ அமில வரிசையிலேயே பிறவி மாற்றம் உள்ளவர்களுக்கு, மது அருந்தாத போதும் சில வகைச் சோதனைகளில் தவறான முடிவு வரக்கூடும். அத்தகைய வேளைகளில் மற்றொரு முறையால் உறுதி செய்வது அவசியமாகிறது. ஒருவரின் வேலையும் உரிமமும் ஒற்றைச் சோதனையைச் சார்ந்திருக்கும்போது இது வெறும் தொழில்நுட்ப நுணுக்கம் அல்ல.

ஆராய்ச்சிக் கூடங்களில் தொடரும் சிக்கல்

மருத்துவமனைகளில் பயன்படும் சோதனைத் தொகுப்புகள் அரசு ஒழுங்குமுறைகளுக்கும் வெளித் தரச் சோதனைகளுக்கும் உட்பட்டவை. ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற குறிப்போடு விற்கப்படும் எதிர்ப்பொருள்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. டிரான்ஸ்ஃபெரினுக்கே பல நிறுவனங்கள் ஏராளமான எதிர்ப்பொருள்களை விற்பனைப் பட்டியலில் வைத்துள்ளன. அவை அனைத்தும் சமமானவை அல்ல.

டிரான்ஸ்ஃபெரினுக்கு நெருங்கிய உறவுள்ள புரதங்கள் இருப்பது ஒரு காரணம். தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் உள்ள லாக்டோஃபெரின், அமினோ அமில வரிசையில் ஏறக்குறைய 60 விழுக்காடு இதை ஒத்தது. ஆய்வுகூடத்தில் உயிரணுக்களை வளர்க்கும் ஊடகத்தில் கன்றின் குருதிநீரைச் சேர்ப்பதும், டிரான்ஸ்ஃபெரினையே தனியாகச் சேர்ப்பதும் வழக்கம். எதிர்ப்பொருள் மனிதப் புரதத்தையும் மாட்டின் புரதத்தையும் வேறுபடுத்தி அறியாவிட்டால், தான் ஆராயும் உயிரணு உற்பத்தி செய்ததை அளப்பதாக எண்ணி, தானே ஊற்றிய பொருளை ஆய்வாளர் அளந்துகொண்டிருக்கலாம்.

இது டிரான்ஸ்ஃபெரினுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. மனிதப் புரதங்களைப் பட்டியலிடும் திட்டம் ஒன்றின் பகுதியாக 2008இல் வெளியான ஆய்வில், வணிக ரீதியில் விற்கப்படும் சுமார் 6,000 எதிர்ப்பொருள்களில் பாதிக்கும் குறைவானவையே தமக்குரிய புரதத்தை மட்டும் அடையாளம் கண்டன என்று தெரியவந்தது. 2015இல் ஆன்ட்ரூ பிராட்பரி, ஆன்ட்ரியாஸ் ப்ளூக்துன் ஆகியோர் நேச்சர் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், தரமற்ற எதிர்ப்பொருள்களால் உலக அளவில் ஆண்டுக்கு 80 கோடி டாலர் வீணாவதாக மதிப்பிட்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அந்தக் கருத்துடன் உடன்பட்டுக் கையொப்பமிட்டிருந்தனர்.

வீணாகும் பணத்தைவிடப் பெரிது, வீணாகும் முடிவுகள். தவறான எதிர்ப்பொருளால் பிறந்த கண்டுபிடிப்பை நம்பி மற்றவர்கள் ஆய்வைத் தொடர்கின்றனர். நோயாளிகளின் நம்பிக்கையும் அதன்மீது கட்டப்படுகிறது.

தீர்வு எது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஒரு குறிப்பிட்ட புரதத்தின் மரபணுவை நீக்கிய உயிரணுக்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் எதிர்ப்பொருள் எதையேனும் கண்டதாகக் காட்டுகிறதா என்று சோதிக்கலாம். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் எதிர்ப்பொருளை ஒதுக்கிவிடலாம். கனடாவின் மாண்ட்ரியல் நகரை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள், 65 புரதங்களுக்கான 614 எதிர்ப்பொருள்களை இந்த முறையில் சோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். மரபணுத் தொழில்நுட்பம் மூலம் உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருள்கள் மற்ற வகைகளைவிடச் சிறப்பாகச் செயற்பட்டதை அவர்கள் கண்டனர். இந்தத் தரவுகளைப் பார்த்த உற்பத்தி நிறுவனங்கள், எதிர்பார்த்தபடி செயற்படாதவற்றில் சிலவற்றைச் சந்தையில் இருந்து திரும்பப் பெற்றன. மேலும் பலவற்றுக்கான பயன்பாட்டுப் பரிந்துரையை மாற்றிக்கொண்டன.

மரபணு வரிசையைக் கொண்டு உயிரணுக்களில் தயாரிக்கப்படும் எதிர்ப்பொருளுக்கு மற்றொரு சாதகமும் உண்டு. அதன் செய்முறை எழுத்தில் இருக்கிறது. எந்த ஆண்டிலும் எந்த நாட்டிலும் அதே பொருளை மீண்டும் உருவாக்கலாம். விலங்கு இறந்துவிடுமோ என்ற கவலை இல்லை. விலங்குகளைப் பயன்படுத்தாமல் எதிர்ப்பொருள்களை உருவாக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் மாற்றுச் சோதனை முறைகளுக்கான ஆய்வகம் 2020இல் பரிந்துரைத்தது. எனினும் விலங்குக் கலவைகளின் பரந்த பிணைப்புத் திறனை எல்லாச் சோதனைகளிலும் ஈடுசெய்ய முடியுமா என்ற விவாதம் நீடிக்கிறது.

நோயாளி கவனிக்க வேண்டியவை

இவை அனைத்தையும் அறிந்த பின், குருதிச் சோதனை அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் அதை ஐயத்தோடு வீசிவிட வேண்டியதில்லை. ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வராதிருப்பதே முக்கியம்.

குருதியில் உள்ள இரும்பின் அளவு ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடியது. சோதனைக்கு முன் இரும்பு மாத்திரை உட்கொண்டிருந்தால் அது தற்காலிகமாக உயர்ந்து, நிறைவு விழுக்காட்டையும் உயர்த்திவிடும். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருந்தால் டிரான்ஸ்ஃபெரின் குறையும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பொய்யாக உயரும். எனவே இவற்றை ஒன்றோடொன்று சேர்த்தும், உடல்நிலையோடு பொருத்தியும் மருத்துவர் வாசிக்க வேண்டியுள்ளது. உட்கொள்ளும் மருந்துகள், கர்ப்பம், அண்மையில் வந்த காய்ச்சல் ஆகியவற்றை அவரிடம் தெரிவிப்பது நோயாளியின் பங்கு.

காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தைக் கண்காணிக்க வேண்டியிருந்தால், இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில் சோதனை செய்துகொள்வது நல்லது. பொது அளவுகோல் இருந்தாலும், வெவ்வேறு எந்திரங்களுக்கும் வெவ்வேறு எதிர்ப்பொருள்களுக்கும் இடையே சிறு வேறுபாடு இருக்கவே செய்யும். நாடு விட்டு நாடு குடிபெயர்ந்தவர்கள் பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் ஒப்பிடும்போது, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அச்சிடப்பட்டிருக்கும் இயல்பு எல்லையையும் அளவு அலகையும் பார்ப்பது அவசியம். ஓரிடத்தில் கிராமிலும் மற்றோரிடத்தில் மைக்ரோமோலிலும் எழுதப்படுவதால் மட்டுமே ஏற்படும் குழப்பங்களும் உண்டு. எல்லையை ஒட்டி வந்த முடிவு என்றால், சில வாரங்கள் கழித்துச் சோதனையை மீண்டும் செய்யக் கோருவது தவறல்ல.

டிரான்ஸ்ஃபெரின் சோதனையில் இன்று நிலவும் நம்பகம் தானாக வந்ததல்ல. தங்கள் அளவுகோல்கள் ஒத்துப்போகவில்லை என்பதை ஆய்வுகூடங்கள் ஒப்புக்கொண்டு, பொதுவான ஒன்றை ஏற்ற பின்னரே அது கிடைத்தது. அதே ஒழுங்கை, மருத்துவமனைக்கு வெளியே ஆராய்ச்சிக்காக விற்கப்படும் இலட்சக்கணக்கான எதிர்ப்பொருள்களுக்கும் கொண்டு வருவதுதான் எஞ்சியுள்ள பணி. நாளைய மருந்துகளும் சோதனைகளும் அந்த ஆராய்ச்சியில் இருந்தே பிறக்க வேண்டும் என்பதால், அது விஞ்ஞானிகளின் உள்விவகாரமாக மட்டும் இருந்துவிட முடியாது.